சம்மனசு இறங்கிய கயிறு

ஐம்பத்திரண்டாம் வருஷத் திருவிழாவில் எங்கள் மாதா கோயில் சம்மனசு குடிகாரன் மாதிரி ஆடியது. மணிக்கூண்டிலிருந்து தேர் வரைக்கும் வடக்கயிறு கட்டி, கப்பி போட்டு, மரத்தில் செய்த தேவதூதனான அந்தச் சம்மனசை மெல்ல இறக்குவது வழக்கம். அதன் கையிலுள்ள கிரீடம் மாதா தலையில் போய் உட்கார வேண்டும். அந்த வருஷம் அது பறந்துபோய்ச் சுண்டல்காரன் கூடையில் உட்கார்ந்தது. ராயபுரமே சிரித்தது. மாதா மட்டும் சிரிக்கவில்லை என்றார் சாமியார். அவர் கிட்டே போய்ப் பார்த்தாரா என்ன?

கயிறு ஆடாமலிருக்க மேல் முடிச்சுக்குப் பக்கத்தில் ஒருவர், கீழ் முடிச்சுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே பிடித்தவர் அருள்பிரகாசம். ரயில்வே மேஸ்திரி, திருவிழாக் கமிட்டித் தலைவர், எல்லாவற்றுக்கும் மேலே, நான் ஆசைப்பட்ட எல்சியின் அப்பா. அவரைக் கேட்டால் தப்பு கயிற்றுடையது, காற்றுடையது, சுண்டல்காரனுடையது. அவருடையது மட்டும் கிடையவே கிடையாது.

அடுத்த வருஷம் அந்த மனுஷனிடம்தான் நான் பெண் கேட்டுப் போய் நின்றேன்.

"ஹார்பர்ல விஞ்சு ஓட்டுற ஜேக்கப்பு தானே நீ?" என்றார். "இந்த வாட்டி கீழ் நுனி உன்னுது. சம்மனசு ஒழுங்கா எறங்குச்சுன்னா எல்சியத் தர்றேன். கிரீடம் விழுந்துச்சு, எர்ணாவூரு கம்பவுண்டருக்கு வாக்குக் குடுத்துடுவேன்."

மரப்பொம்மை ஆடினால் எனக்குக் கல்யாணம் இல்லையாம். இது எந்த ஞானோபதேசத்தில் இருக்கிறது? ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஹார்பரில் கலாசியாக இருந்த அத்தாவுல்லா என் தோஸ்து. கனச் சரக்கைக் கயிறு போட்டுத் தூக்குவதே அவன் பிழைப்பு. மத்தியானம் ஒரு கயிற்றைக் கட்டையில் கட்டி, முடிச்சுக்கு முன்னால் என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அந்த நுனியிலிருந்து ஓர் உதறு உதறினான். நான் மூச்சைப் பிடித்து இறுக்கினேன். அலை என் கையில் முட்டி, வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது.

"இன்னா மாமு, கயித்துக் கழுத்த நெரிக்கிற? இறுக்குனா முட்டிகினு திரும்பிப் பூடும். அது வர்ற சொல்ல கையக் கூடவே போவ வுடு. உன்கிட்டயே செத்துடும்."

கையை எடுத்துவிட்டேன். கயிறு முழங்காலில் ஒன்று வைத்தது.

"கஸ்மாலம்! மொத்தமா வுட்டா முடிச்சுல முட்டிகினு திரும்பும். புடிச்சிகினே எளகு."

"மேல அந்த ஆளு இறுக்குவாரே?"

"இறுக்கட்டும். ஒரு பக்கம் எளகுனா போதும்."

பத்து நாள் மத்தியானச் சோற்றை விட்டுப் பழகினேன்.

திருவிழா அன்று சாயங்காலம் கடல்காற்று கோபமாக வீசியது. கறுப்புக் கோட்டோடு மணிக்கூண்டில் நின்ற அருள்பிரகாசம், "ம், வுடு!" என்று கயிற்றை ஒரு குலுக்குக் குலுக்கினார். சம்மனசு காலை உதைத்துக்கொண்டு கிளம்பியது. அலை இறங்கி வந்தது. பழகினதெல்லாம் மறந்து இறுக்கிவிட்டேன், மடையன்! அலை மேலே போனது, அவர் அங்கே இறுக்க, மறுபடியும் என்னிடமே வந்தது. கிரீடம் சாய்ந்தது. சுண்டல்காரன் கூடையைத் துண்டால் மூடினான். பெண்கள் பக்கம் எல்சி ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு, ஜெபிக்காமல், என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

"எளகுடா, சோமாரி!" கீர்த்தனைக்கு நடுவே அத்தாவுல்லாவின் குரல்.

"இறுக்குடா!" என்று மேலேயிருந்து கத்தினார் அருள்பிரகாசம்.

"சரி மாமா!" என்று கத்திவிட்டு இளகினேன். அலை வந்தது, அதன் கூடவே கையைப் போகவிட்டேன். இரண்டாவது அலை சின்னதாக வந்தது. மூன்றாவது வரவேயில்லை. சம்மனசு நல்ல பிள்ளையாக இறங்கி மாதாவுக்குக் கிரீடம் வைத்தது. வெடிச் சத்தம் காசிமேடு வரைக்கும் கேட்டிருக்கும்.

அருள்பிரகாசம் சிவந்த உள்ளங்கைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டே கீழே வந்தார். "பாத்தீங்களா புடிய? கீழ ஒருத்தன் தொளதொளன்னு நின்னுகினு கீறான், நான் ஒண்டியா நிறுத்துனேன்!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாயைத் திறப்பதற்குள் அத்தாவுல்லா என் காலை மிதித்தான்.

"ஆமா மாமா," என்றேன். "உங்க புடிதான்."

"பையன் கையில பலம் இல்ல. ஆனா எதுத்துப் பேசல. பொண்ணு உனக்குத்தான், போ."

கூட்டம் கலைந்ததும் எல்சியிடம் பொருமினேன். "பத்து நாள் பட்டினி கெடந்தது நானு, பேரு அவருக்கா?"

சுண்டல் பொட்டலத்தை என் கையில் வைத்துவிட்டு, அவள் தேர்ப் பக்கம் காட்டினாள். அவள் அம்மா ஆலிஸ், புருஷனின் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். "ஆமாங்க, உங்களாலதாங்க" என்று அவர் சொல்வது எங்கள் வரைக்கும் கேட்டது.

"எங்கம்மா இருவத்தஞ்சு வருஷமா கீழ் நுனியிலதான் நின்னுகினு கீது," என்றாள் எல்சி. "அதுக்கு எவனாவது வெடி வுட்டானா?"

நான் பொட்டலத்தைப் பிரித்துச் சுண்டலைத் தின்றேன்.