எவரிஸ்தோவுக்குப் போட்ட அபராதம்

எங்கள் சேவைச் சங்கத்தில் அபராதத்தைப் பணமாக வாங்குவதில்லை. வியாழக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தாமதமாக வந்தால் எழுந்து நின்று பாட வேண்டும். சங்கத்து வில்லையைச் சட்டையில் குத்த மறந்தால் எல்லார் தட்டையும் கழுவ வேண்டும். அபராதம் போடுகிறவர் மாட்டு டாக்டர் ருஃபீனோ. காளைகளை அதட்டி அதட்டி வளர்ந்த குரல் அவருக்கு. அவர் போட்டதை எதிர்த்து வாயைத் திறந்தால் ரெட்டிப்பு. ஜனாதிபதியே வந்து உட்கார்ந்தாலும் இதில் மாற்றம் கிடையாது. வெளியாட்களுக்கு இது சின்னப்பிள்ளை விளையாட்டாகத் தெரியலாம். தலைநகரத்து மொந்தெவிதேயோக்காரர்கள் வரைபடத்தில் தேடினாலும் கிடைக்காத ஊர் எங்களுடையது. குளிர்காலத்தில் சிரிப்பதற்கு வேறு என்ன இருக்கிறது?

விளையாட்டு மட்டும் இல்லை, வேலையும் செய்தோம். சங்கத்துக்குச் சொந்தமாக இரண்டு கட்டில்கள் உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் தலைப்பக்கம் உயரும், ஆஸ்பத்திரியில் இருக்கிற மாதிரிக் கட்டில்கள். படுத்த படுக்கையாகிவிட்ட ஏழைகளின் வீட்டுக்கு இனாமாகக் கொடுப்போம். அந்தக் கட்டில்களுக்கு எண்ணெய் விட்டு, வெள்ளைச் சாயம் அடித்து, தன் ஓட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்ப் பொருத்திக்கொடுத்து, பிறகு திரும்ப எடுத்து வருவதெல்லாம் எவரிஸ்தோ. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அவன் வண்டியில் கட்டில் திரும்பி வருவதைப் பார்த்தால் தெருவில் போகிற ஆண்கள் தொப்பியைக் கழற்றுவார்கள். ஏன் திரும்புகிறது என்று யாரும் கேட்பதில்லை.

முன்பு தலைவராக இருந்த ஒருவர் சங்கத்துச் சக்கர நாற்காலியைத் தன் மாமியாருக்கு எடுத்துப்போய், அந்தம்மாள் எழுந்து நடமாடிய பிறகும் மாதக்கணக்கில் திருப்பித் தரவில்லை. பால்கனியில் பூந்தொட்டி வைக்க வசதியாக இருந்ததாம். அன்றைக்கு எவரிஸ்தோ மேசையில் குத்திய குத்தில் என் ஒயின் கவிழ்ந்தது. இனிமேல் சங்கத்துப் பொருள் எந்த உறுப்பினர் வீட்டுக்கும் போகக்கூடாது என்று அவன்தான் சட்டம் கொண்டுவந்தான். எல்லாரும் கை தூக்கினோம். மனிதன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறான் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

போன குளிர்காலத்தில் அவன் வியாழக்கிழமைகளில் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போக ஆரம்பித்தான். பாதியில் போனாலும் பாட்டுத்தான். திருவிழாப் பாட்டு ஒன்று, பாலத்தைத் தாண்ட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற கழுதையைப் பற்றியது, அதையே ஒவ்வொரு வாரமும் பாடுவான். கழுதை கத்துகிற இடத்தில் நாங்கள் மேசையைத் தட்டிச் சிரிப்போம். முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவான். மனைவி தெல்மிராவுக்கு முட்டிவலி, குளிரில் வெளியே வருவதில்லை என்று சொல்லியிருந்தான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. உண்மையைச் சொல்ல வீட்டில் வேறு ஆளும் இல்லை.

ஊரில் நின்ஃபா மருந்துக்கடை என்னுடையது. படுக்கைப்புண் களிம்பை அவன் அடிக்கடி வாங்கினான். யாருக்கு என்று கேட்டால், "நம்ம கட்டில் போன வீட்டுக்குத்தான், நின்ஃபா" என்பான். ஒருநாள் ஏதோ தேட சங்கத்துக் கிடங்கைத் திறந்தேன். இரண்டு கட்டில்களும் அங்கேயே நின்றன. அப்படியானால் களிம்பு யாருக்கு? கிடங்கை அப்படியே பூட்டிவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தேன்.

கதவைத் தட்டாமல் நுழைந்தேன், நான் அப்படித்தான். தெல்மிரா கூடத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தாள். கொல்லைக் கதவைக் கழற்றி, நாலு சாயத் தகரங்களின் மேல் போட்டு, அதன்மேல் மெத்தை. தலைப்பக்கத்தை உயர்த்த உத்தரத்தில் கயிறும் உருளையும் கட்டியிருந்தான். சங்கத்துக் கட்டிலைப் பார்த்துப் பார்த்துச் செய்த நகல். தகரங்களுக்குக்கூட அதே வெள்ளைச் சாயம். கோடை முடியும்போதே அவளுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஊரில் யாருக்கும் தெரியாது.

"கட்டில் கேளுன்னு நானும் சொல்லிப் பாத்தேன்," என்றாள் தெல்மிரா, வாயின் பாதியால். "நாம கொடுக்கற பக்கம்டி, வாங்கற பக்கம் இல்லங்கறான் இந்தக் கிழவன்."

அவளைத் திருப்பிப் படுக்கவைக்க நான் கை கொடுத்தேன். படுக்கைப்புண் அரித்த முதுகைப் பார்த்ததும் என் கண் நிறைந்துவிட்டது. அந்த நேரம் எவரிஸ்தோ விறகோடு வந்தான். நான் அவனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். உன் வீம்புக்கு அவள் முதுகுதானா கிடைத்தது என்று கேட்டேன். அவன் விறகைக் கீழே வைக்காமலே நின்றான். மேசையைக் குத்திச் சட்டம் போட்டவன் தான்தானே, இப்போது எந்த முகத்தோடு போய் மாற்றச் சொல்வது என்றான். சங்கத்தில் நான் பேசுகிறேன் என்றேன். பேசினால் மறுநாளே வில்லையைக் கழற்றித் தந்துவிடுவேன் என்றான். வெறும் மிரட்டல் இல்லை. அவன் செய்யக்கூடியவன்.

நேராக ருஃபீனோவிடம் போனேன். அவர் ஒரு கன்றுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் வாளியில் கையைக் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். அந்தக் கழுதைப் பாட்டுக்கு எவ்வளவு சிரிச்சிருக்கேன் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வியாழன் எவரிஸ்தோ வழக்கம்போலப் பாதியில் எழுந்தான். பாட வாயைத் திறந்தவனை ருஃபீனோ கை காட்டி நிறுத்தினார்.

"பாட்டு வேணாம். உன் தொண்டையக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது போச்சு. கிடங்குல ஒழுகுது. மறுபடி சொல்ற வரைக்கும் கட்டில் ஒண்ணு உன் வீட்லதான் இருக்கணும். அதான் அபராதம்."

எவரிஸ்தோ என்னைப் பார்த்தான். நான் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"ருஃபீனோ, சட்டப்படி..."

"எதிர்த்துப் பேசுறியா? ரெட்டிப்பு. மெத்தையும் உன் வீட்டுக்கு."

"யோவ், நான் என்ன சொல்றேன்னா..."

"சக்கர நாற்காலியும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தோம், சிரிக்காவிட்டால் அழுதிருப்போம். எவரிஸ்தோ சிவந்துபோய் நின்றான். கடைசியில் சரி என்றான். வாங்குவதற்குத்தான் அவனுக்கு வெட்கம். தண்டனை என்றால் தலைநிமிர்ந்து சுமப்பான்.

அன்று இரவே ஆறு பேர் சேர்ந்து கட்டிலைக் கொண்டுபோனோம். பொருத்துகிற வேலையை வேறு யாரையும் தொடவிடாமல் அவனே செய்தான். தலைப்பக்கம் மெல்ல உயர்ந்தபோது தெல்மிரா ஜன்னல் வழியே எலுமிச்சை மரத்தைப் பார்த்தாள். படுத்ததிலிருந்து அதைப் பார்க்கவில்லையாம். கிழவா, உன் மரம் காய்ச்சிருக்கு, ஒரு வார்த்தை சொன்னியா என்று திட்டினாள். அவன் ஓடிப்போய் ஒரு பழம் பறித்துவந்து அவள் கையில் வைத்தான்.

ஆனால் காலம் கடந்திருந்தது. புண்ணிலிருந்து விஷம் உள்ளே இறங்கிவிட்டது என்றார் வைத்தியர். மரத்தில் இருந்த காயெல்லாம் பழுத்துத் தீர்வதற்குள் தெல்மிரா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த வியாழன், அவன் வருவான் என்று யாரும் நினைக்கவில்லை. சூப் ஆறிக்கொண்டிருந்தபோது வாசலில் அவன் வண்டிச் சத்தம் கேட்டது. வண்டியில் கட்டில், மெத்தை, நாற்காலி. கட்டிலுக்குப் புதிதாகச் சாயம் அடித்திருந்தான். அந்த வாடை அவனோடு சேர்ந்து உள்ளே வந்தது. நாங்கள் எழுந்து நின்றோம்.

அவன் யாரையும் பார்க்காமல் ருஃபீனோவின் முன்னால் வந்து நின்றான்.

"கொண்டாந்துட்டேன்."

ருஃபீனோ தலையை ஆட்டினார். காளைகளை அதட்டுகிற அந்தக் குரலை அன்றைக்குக் காணோம். அபராதம் முடிஞ்சுதுப்பா, உக்காரு, சாப்பிடு என்று முணுமுணுத்தார்.

எவரிஸ்தோ உட்காரவில்லை.

"இன்னும் முடியல," என்றான். "நான் எதிர்த்துப் பேசுறேன், ருஃபீனோ. எதிர்த்துப் பேசினா ரெட்டிப்புதானே? ரெட்டிப்பாக்கு. இன்னொரு தடவை அந்தக் கட்டில்ல அவளப் படுக்க வச்சுக்கறேன்."

ருஃபீனோ தன் சூப்புத் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார். அவன் கையில் தொப்பியை வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றான்.