சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஒரு மார்க்

திருச்சூரில் ஔசேப்பச்சன் முதலாளி எழுப்பிய அலுவலகக் கட்டடத்துக்கு அன்றைக்குப் பரீட்சை. வெயிலை எப்படித் தடுக்கிறது, மழைநீரை எங்கே சேர்க்கிறது, மின்சாரத்தை எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்றெல்லாம் பார்த்துப் பசுமைக் கட்டடம் என்று தங்கச் சான்று கொடுக்க, கொச்சியிலிருந்து பிரசீதா மேடம் வருகிறார். கூடவே நின்று கட்டிய பொறியாளர் ஷைனிக்கும் அன்றைக்குத்தான் பரீட்சை. தங்கம் கிடைத்தால்தான் அடுத்த கட்டடமும் அவளுக்கு. இல்லாவிட்டால் வேறு ஆள் என்று முதலாளி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஷைனி கூட்டிக் கழித்துப் பார்த்ததில் தங்கத்துக்கு ஒரே ஒரு மார்க் இழுபறியாக நின்றது. சைக்கிள் ஸ்டாண்டுக்கான மார்க். ஸ்டாண்ட் ஜோராகத்தான் இருந்தது. சைக்கிள்தான் ஒன்றுகூட இல்லை. உள்ளே வேலை பார்க்கிற அத்தனை பேரும் காரில் வந்து இறங்கும் மகராசர்கள். முதலாளி சும்மா இருப்பாரா? விடிந்ததும் அக்கம்பக்கத்துச் சைக்கிள்களை எல்லாம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வரிசையாக நிறுத்திவிட்டார். இத்தனை நாளும் நாற்றம் தாங்கவில்லை என்று கேட்டிலிருந்து விரட்டியடித்த மீன்காரர் வறீதின் சைக்கிளும் அதில் அடக்கம்.

மேடம் வந்தார். ரயிலில் கூடவே கொண்டுவந்த மடக்குச் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தார்.

"அடேயப்பா, நிறுத்த இடமே இல்லையே!"

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கூடையோடு வறீது நுழைந்தார்.

"முதலாளி, சைக்கிளைக் குடுங்க. மத்தி வந்து இறங்கியாச்சு. இன்னும் நேரமானா பூனைதான் திங்கும்."

"இவரு நம்ம ஸ்டாஃப், மேடம்," என்றார் முதலாளி, கண் இமைக்காமல்.

"நானா? எப்பலேருந்து? நேத்துகூட நாயை அவுத்து விடுவேன்னீங்களே!"

ஷைனி அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தே விட்டாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மேடம், எல்லாமே இரவல் சைக்கிள். ஸ்டாண்ட் மட்டும்தான் எங்களோடது."

சொன்ன பிறகுதான் அடுத்த கட்டடம் கைநழுவிப் போவது உறைத்தது.

"காலியா இருந்திருந்தாலும் மார்க் போட்டிருப்பேனே மோளே!" மேடம் தலையில் கைவைத்துக்கொண்டார். "இப்ப இந்தப் பொய்யை என்ன பண்றது?" சற்று யோசித்து வறீதின் பக்கம் திரும்பினார். "சேட்டா, இங்க நிறுத்தினா உங்களுக்குச் சௌகரியமா?"

"நல்ல நிழலு. ஐஸ் சீக்கிரம் கரையாது. இவரு கேட்டைத் திறக்கணுமே!"

"சைக்கிள்ல வர்றவங்க யார் வேணா நிறுத்தலாம்னு வாசல்ல போர்டு மாட்டுங்க," என்றார் மேடம் முதலாளியிடம். "மாட்டினா மார்க் உண்டு. இல்லேன்னா தங்கம் கிடையாது."

முதலாளி கேட்டைப் பார்த்தார், மீன் கூடையைப் பார்த்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். பிறகு ஷைனியிடம் எரிந்து விழுந்தார்.

"என்ன பல்லைக் காட்டிட்டு நிக்கிறே? அடுத்த கட்டடத்துல ஸ்டாண்டை கேட்டுக்கு வெளியிலேயே போட்டுத் தொலை!"