மூன்று குளோரின்

அறுபத்தெட்டாம் வருஷம், தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. பழனி நடைக்குக் காரைக்குடியே கிளம்பிக்கொண்டிருந்தது. செக்காலையில் குடியிருந்த வேதியியல் விரிவுரையாளர் நாகநாதனின் மனைவி பொன்னழகு, பிள்ளைக்கு டைபாய்டு இறங்கினால் செருப்பில்லாமல் நடந்து வருவதாக முருகனுக்கு நேர்ந்திருந்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. அவள் பாதத்திலிருந்த கால் ஆணிதான் போகவில்லை.

"எருக்கம்பால் வச்சுக் கட்டியும் கேக்கல" என்றாள்.

நாகநாதன் ஆய்வகத்திலிருந்து சின்னக் குப்பியில் ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலம் கொண்டுவந்து கொடுத்தார். தீக்குச்சி முனையால் ஆணியை மட்டும் தொட வேண்டும், சுற்றியுள்ள தோலில் பட்டால் வெந்துவிடும். இதைச் சொல்லியிருக்க வேண்டும். பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஒண்ணுமில்ல, வினிகருக்குத் தம்பி. லேசாத் தடவு" என்றார். கல்லூரியில் தொண்டை வறளப் பேசுகிற மனுஷனுக்கு, வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும்.

வினிகர்தானே என்று, எருக்கம்பாலுக்குச் செய்வதையே அவள் செய்தாள். பஞ்சில் நனைத்து வைத்து, வெற்றிலையால் மூடி, துணியால் இறுக்கிக் கட்டினாள். எரிந்தது. எரிந்தால்தானே மருந்து என்று பல்லைக் கடித்துக்கொண்டு சமையலை முடித்தாள். கட்டை அவிழ்த்தபோது தோல் துணியோடு வந்தது. ஒரு மாதத்துக்குக் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பொன்னழகு அழுதது வலிக்காக இல்லை. "நடக்குறதுக்கு முந்தியே காலுக்குச் சொகம் தேடுனேன்ல, முருகன் கோவிச்சுக்கிட்டான். பிள்ளைக்குத் திரும்பக் காய்ச்சல் வந்துருமோ?"

"அதெல்லாம் வராது" என்று நாகநாதன் நகர்ந்துவிட்டார். பழி முருகன்மேல் விழுந்தது அவருக்கு வசதியாக இருந்தது. அதை நினைக்க அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

அந்த வாரம் வகுப்பில் அமிலங்களின் வலிமை பற்றிய பாடம். கரும்பலகையில் அசெட்டிக் அமிலத்தை எழுதி, அதில் மூன்று ஹைட்ரஜனை அழித்து மூன்று குளோரினைப் போட்டார். "குளோரின் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும். புரோட்டான் போனபிறகு மிஞ்சுகிற எதிர்மின் சுமை ஓரிடத்தில் குவியாமல் பரவிவிடும். அதனால் புரோட்டானை விடுவது சுலபம். வினிகரில் இருக்கிற அமிலத்தைவிட இது பல்லாயிரம் மடங்கு வலியது."

முன் பெஞ்சு வயிரவன் எழுந்தான். "தோல்ல பட்டா, சார்?"

"வெந்துரும்" என்றார். அதற்கு மேல் பாடம் ஓடவில்லை. வகுப்பு முழுவதற்கும் சொல்ல முடிந்ததை அவள் ஒருத்திக்குச் சொல்லவில்லையே என்று உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அவள் கால்மாட்டில் உட்கார்ந்தார். "முருகன் கோவிக்கல, பொன்னழகு. அது வினிகர் இல்ல, தோலை வேக வைக்கிற அமிலம். தெரிஞ்சும் சொல்லாம விட்டேன். புண்ணானப்பறமும் வாயத் தொறக்கல."

"அப்ப பிள்ளைக்கு ஒண்ணும் வராதுல்ல?"

"வராது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "புண்ணு ஆறிரும். இத்தனை நாளா நான் பயந்து சாகுறதப் பாத்துக்கிட்டே இருந்தீகளே, அது ஆறாது."

நடைக்கூட்டம் புறப்பட்ட அன்று அவள் நேர்ச்சையைச் சுமந்துகொண்டு நாகநாதனும் போனார். அவருடைய செருப்பு வாசலிலேயே கிடந்தது.