கோபுரத்தில் இல்லாத ஜன்னல்

என் மனைவி பொய் சொல்லிச் சம்பாதிக்கிறாள். என் அக்கா உண்மை சொல்லிச் சம்பாதிக்கிறாள். இருவருக்கும் நடுவில் நான் மரம் இழைத்துச் சம்பாதிக்கிறேன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளத்தையாவது கச்சேரி முடிந்ததும் உறை போட்டு மூலையில் வைத்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

மனைவி எழுதுவது வாரப் பத்திரிகையில் சரித்திர மர்மத் தொடர். அக்கா வேலை பார்ப்பது துறைமுகத்துப் பழைய கோபுரத்தில். அந்தக் கோபுரம் முன்பு சிறைச்சாலையாக இருந்தது, இப்போது அருங்காட்சியகம். அக்காதான் அதன் காப்பாளர். சின்ன வயதிலிருந்தே நான் அவளை உரைகல் என்றுதான் கூப்பிடுவேன். ஒரு குரங்குக் கதை சொன்னால்கூட, “குரங்கு பேசுமாடா?” என்று கேட்டுக் கதையை அங்கேயே முடித்துவைப்பவள்.

இப்படிப்பட்ட இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்ததுதான் ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பட்டறைக்கு இருவரும் வருவார்கள். மனைவி அந்த வார அத்தியாயத்தை உரக்கப் படிப்பாள். அக்கா என் காதிலிருந்து சிவப்புப் பென்சிலை உருவிக்கொண்டு, மரச்சுருள்களுக்கு நடுவே உட்கார்ந்து கேட்பாள். அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் உண்டு. ஆட்கள், காதல், சண்டை எல்லாம் மனைவியின் இஷ்டம். வருஷம், கட்டடம், கடல் இவை அக்காவின் ஆட்சி. “மனுஷங்களைப் பத்தி என்ன வேணா புளுகிக்கோ. கல்லு மேல மட்டும் கை வெக்காதே” என்பது அக்கா போட்ட சட்டம்.

தொடரின் கதாநாயகன் நிஜமாகவே வாழ்ந்தவன். சுவர்ச் சித்திரம் வரைகிறவன். கோட்டைத் தலைவரின் விருந்து மண்டபத்தில், தலைவரின் முகத்தை ஒரு கழுதைக்கு வைத்து வரைந்துவிட்டான். தூக்கிக் கோபுரத்தின் உச்சி அறையில் போட்டார்கள். ஒரு நாள் விடிந்தபோது அறைக்கதவு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. வரலாற்றுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். எப்படித் தப்பினான் என்ற இடத்தில் வரலாறு வாயை மூடிக்கொண்டது. அங்கே என் மனைவி வாயைத் திறந்தாள்.

முதல் அத்தியாயத்தில் அவன் ஓவியன்தான். இரண்டாம் அத்தியாயத்திலேயே தூரிகையைக் கீழே போட்டுவிட்டு வாளை எடுத்துவிட்டான். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் முணுமுணுப்பாள்: அவன் கத்தி பிடிச்சவன் இல்ல, படம் வரையறவன். தூரிகையை வைத்துக்கொண்டு எத்தனை பேரைச் சமாளிக்க முடியும் என்று மனைவி திருப்பிக் கேட்பாள். ஆட்கள் மனைவியின் இலாகா என்பதால் அக்கா பென்சிலைக் கடித்துக்கொண்டு விட்டுவிடுவாள்.

வினை வந்தது அக்காவின் மகள் பிரசவத்தில். குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டதால் அக்கா அவசரமாக மகள் ஊருக்குப் போய்விட்டாள். சில ஞாயிறுகள் சிவப்புப் பென்சில் என் காதிலேயே இருந்தது. அந்தச் சமயத்தில்தான் சிறை அறை அத்தியாயம் வந்தது. கதாநாயகன் நிற்கிறான், காவலன் கதவைத் திறக்கிறான், விளக்கு அணைகிறது. விளக்கு அணையக் காற்று வேண்டும். காற்று வர ஜன்னல் வேண்டும். மனைவி யோசிக்கவே இல்லை, கிழக்குச் சுவரில் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டாள். அதன் வழியே நிலவும் தெரிந்தது, கடலும் தெரிந்தது, தூரத்தில் ஒரு பாய்மரமும் தெரிந்தது.

எனக்குத் தெரியும், அந்த அறையில் ஜன்னல் கிடையாது என்று. அந்த அறைக் கதவுக்குக் கீல் மாற்றியவனே நான்தான். வாயைத் திறந்தேன். “கதை நல்லா ஓடும்போது கட்டையைப் போடாதீங்க” என்று மனைவி சொன்னாள். கட்டை போடுவது என் தொழில். ஆனாலும் மூடிக்கொண்டேன்.

தொடரிலேயே அந்த அத்தியாயம்தான் ஊரைப் பிடித்து ஆட்டியது. கோபுரத்து வாசலில் கூட்டம் சேர்ந்தது. எல்லோரும் மூச்சு வாங்க உச்சிக்கு ஏறினார்கள், கிழக்குச் சுவரைப் பார்த்தார்கள், ஜன்னல் எங்கே என்று கேட்டார்கள். இல்லை என்று காவலாளி சொன்னதும் அடைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினார்கள். ஏன் அடைத்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தன் பாட்டனார் அந்த ஜன்னலில் உட்கார்ந்து மீன் பிடித்ததாக ஒரு பெரியவர் பத்திரிகைக்கு எழுதினார். அந்த உச்சியிலிருந்து தண்ணீரைத் தொடும் தூண்டில் கயிறு இந்த உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது. அதை யாரும் கேட்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இதற்கெல்லாம் மேலே சுற்றுலா அதிகாரி வந்தார். நல்ல மனிதர், சிரித்த முகம், எதையும் உடனே செய்துவிட வேண்டும் என்ற துடிப்பு. கெடுதல் எல்லாம் இப்படிப்பட்ட நல்லவர்களால்தான் வருகிறது. மக்கள் ஜன்னல் கேட்கிறார்கள், ஆகவே சுவரை இடித்து அடைபட்ட ஜன்னலைத் திறப்பது என்று உத்தரவு போட்டுவிட்டார். தொடர் முடிகிற வாரத்துக்கு அடுத்த திங்கட்கிழமை கொத்தனார்கள் கடப்பாரையோடு வருவார்கள். அந்த ஓட்டையில் பொருத்த, பழைய மோஸ்தரில் ஒரு தேக்கு ஜன்னல் வேண்டும். அந்த ஜன்னலைச் செய்யும் வேலை யாருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? எனக்குத்தான்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். நான் மறுத்தால் வேறொருவன் இரண்டே நாளில் ஏதாவது சாதா மரத்தில் அடித்துக் கொடுத்துவிடுவான். அதனால் ஒப்புக்கொண்டு, தச்சர்களுக்கே உரிய ஆயுதத்தைக் கையில் எடுத்தேன். அதிகாரி கேட்கும்போதெல்லாம் மரம் இன்னும் காயவில்லை என்றேன். என் பட்டறையில் அவ்வளவு ஈரமான மரம் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை.

அக்கா ஊரிலிருந்து திரும்பினாள். பேரனைப் பார்த்த பூரிப்போடு இறங்கியவள், கோபுரத்து வாசலில் இருந்த கூட்டத்தைப் பார்த்தாள். விஷயம் தெரிந்ததும் நேரே பட்டறைக்கு வந்தாள். சத்தம் போடுவாள் என்று மனைவி என் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அக்கா சத்தம் போடவில்லை. என் காதிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, பட்டறை மேஜைமேல் வைத்தாள்.

“அந்தச் சுவர் எத்தனையோ புயலைப் பாத்திருக்கு. ஒரு விளக்கை அணைக்கறதுக்காக அதை உடைக்கப் போறாங்க. இனிமே என்னைக் கூப்பிடாதே” என்றாள், மனைவியைப் பார்க்காமல்.

அவள் போன பிறகு மனைவி மரச்சுருளில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் மனசு கனத்துவிட்டது. தாயில்லாத என் மனைவிக்குக் கல்யாணமான நாளிலிருந்து, அண்ணி என்று அவள் கூப்பிடும் என் அக்காதான் எல்லாம். புடவை கட்டிவிட்டதிலிருந்து, முதல் கதைக்குத் தலைப்பு வைத்தது வரை.

அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அதிகாரியிடம் போனாள். அந்த ஜன்னல் சுத்தப் பொய், என் கற்பனை, தயவுசெய்து இடிக்காதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். அவர் சிரித்துக்கொண்டே காபி வரவழைத்தாராம். பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்றாராம். தன்னையறியாமலே அவள் உண்மையை எழுதிவிட்டாள் என்றும், மீன் பிடித்த பாட்டனாரே சாட்சி என்றும் சொன்னாராம். பொய்யை நம்பியவர்கள், அதைப் பொய் என்று சொன்னபோது நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, “நான் நெசம் சொன்னா யாருமே கேக்க மாட்டேங்கறாங்க” என்று புலம்பினாள். அவளுக்கு அது புது அனுபவம்.

கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அது அச்சுக்குப் போவதற்கு முந்தைய ஞாயிறு, நான் ஒரு வேலை செய்தேன். சுவரை அளக்க வேண்டும், நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். அதையே மனைவியிடமும் சொன்னேன். ஒருத்தி வருவது இன்னொருத்திக்குத் தெரியாது.

அக்காதான் முதலில் வந்தாள். உச்சி அறையில் பகலிலும் அரையிருட்டு. படிக்கட்டிலிருந்து கதவு வழியாக வருகிற வெளிச்சம்தான். சும்மா நிற்பானேன் என்று சாக்கட்டியை எடுத்து, கிழக்குச் சுவரில் ஜன்னல் வரவேண்டிய இடத்தைக் கோடு போட்டேன். கை சும்மா இருக்குமா? நான்கு கோட்டோடு நிற்காமல், திறந்த கதவு இரண்டு, கீல், கொக்கி, கீழே விளிம்பின் நிழல் என்று போய்க்கொண்டே இருந்தது. பழைய சுவரில் சாக்கட்டியா என்று அக்கா என் முதுகில் ஒன்று வைத்தாள். அந்த நேரம் வாசலில் மனைவி வந்து நின்றாள்.

நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். அக்காவைக்கூடப் பார்க்கவில்லை.

“ஐயோ, அதுக்குள்ள உடைச்சிட்டாங்களா?” என்றாள்.

நான் சாக்கட்டியைக் காட்டினேன். அவள் கிட்டே வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி வாசலுக்குப் போய் அங்கிருந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் வந்தால் அன்றைக்கு வீட்டில் சமையல் நான்தான்.

“அண்ணி, அந்த ஆளு என்ன தொழில் பண்ணினாரு?”

அக்கா பேசக்கூடாது என்ற வைராக்கியத்தில் இருந்தாள். ஆனால் ஒரு தகவலைக் கேட்டால் சொல்லாமல் இருக்க அவளால் முடியாது. “தொடர் ஆரம்பிச்சதிலேருந்து சொல்றேன். சுவர்ல படம் வரையறவன்.”

“அப்போ என் ஜன்னல் அவன் வரைஞ்ச ஜன்னல்” என்றாள் மனைவி.

பிறகு மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாள். அறையில் கிடைத்த கரியும் சுண்ணாம்பும் வைத்து அவன் சுவரில் ஒரு ஜன்னலை வரைகிறான். நிலவு, கடல், பாய்மரம் எல்லாம் அவன் வரைந்தவை. அத்தியாயத்தில் அவற்றைப் பார்த்தது காவலன், ஆகவே காவலன் ஏமாந்தான், வாசகர்களும் ஏமாந்தார்கள். கடைசி இரவில் காவலன் கதவைத் திறக்கிறான். ஆளைக் காணோம், ஜன்னல் திறந்திருக்கிறது. குதித்துவிட்டான் என்று அலறிக்கொண்டு கீழே ஓடுகிறான். கதவு திறந்தே கிடக்கிறது. கதவுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றவன் நிதானமாக நடந்து போகிறான். விடிந்ததும் கோட்டைத் தலைவர் அவமானம் தாங்காமல் படத்தைக் கழுவச் சொல்லிவிடுகிறார்.

அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் கை தானாக என் காதுக்கு வந்தது. அங்கே பென்சில் இல்லை. வெறும் விரலையே நீட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சோதித்தாள். ஓவியன், சரி. கதவு திறந்து கிடந்தது, சரி. ஜன்னல் இல்லை, சரி. பிறகு விரல் நின்றது.

“விளக்கு? காத்துல அணைஞ்சுதுன்னு எழுதியிருக்கியே. வரைஞ்ச ஜன்னல்ல காத்து வராது.”

மனைவியின் முகம் வாடிவிட்டது. அச்சாகி ஊர் முழுக்கப் படித்த வரி அது. மாற்ற முடியாது. என் தொழிலில் இடுக்கு விழுந்தால் ஒரு ஆப்பு அடித்துச் சரி செய்யலாம். இதற்கு எந்த ஆப்பு?

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் சாக்கட்டி ஜன்னலைப் பார்த்தாள். கிட்டே போனாள், பின்னால் வந்தாள். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

“அவனே ஊதி அணைச்சிருப்பான். வெளிச்சத்துல கிட்ட பாத்தா சாயம்னு தெரிஞ்சுடுமில்ல? காவலன்தான் காத்துன்னு நெனச்சுக்கிட்டான்.”

பிறந்தது முதல் ஒரு பொய்கூடச் சொல்லாத என் அக்கா சொன்ன முதல் பொய் அது. சொல்லிவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களா என்பதுபோல் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். மனைவி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். “சரி சரி, சேலை கசங்குது” என்றாள் அக்கா, கையை எடுக்காமல். என் கண்ணில் சாக்கட்டித் தூள் விழுந்துவிட்டது என்று சொல்லிவைத்தேன். இருவருமே நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. சனிக்கிழமை கோபுரத்தில் மறுபடி கூட்டம். ஆனால் இந்தத் தடவை யாரும் ஜன்னல் கேட்கவில்லை. கிழக்குச் சுவரை நெருங்கி நின்று, அங்கே நீலம் தெரிகிறதா, இங்கே பாய்மரத்தின் நுனி தெரிகிறதா என்று தேடினார்கள். தன் பாட்டனார் அந்த ஓவியத்தை மங்கலாகப் பார்த்திருப்பதாக மீன் பிடித்தவரின் பேரனான அதே பெரியவர் மறுபடி எழுதினார். சுற்றுலா அதிகாரி படியேறி வந்து, இந்தச் சுவரையா இடிக்கப் பார்த்தோம் என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை கொத்தனார்கள் வந்தார்கள். சுவருக்கு முன்னால் கயிறு கட்ட இரண்டு கம்பி நட்டுவிட்டுப் போனார்கள்.

என் தேக்கு ஜன்னலை வேண்டாம் என்று எழுதி அனுப்பினார்கள். மரம் மறுநாளே காய்ந்துவிட்டது. மனைவி எழுதுகிற அறையில் வெறும் சுவராக இருந்த பக்கத்தை உடைத்து அதைப் பொருத்தினேன். இனி காற்று வேண்டுமென்றால் எழுந்துபோய்த் திறந்துகொள்ளலாம், கதைக்குள் திறக்கத் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை சிவப்புப் பென்சிலும் பழையபடி என் காதிலிருந்து போகிறது.

போன வாரம் ஒரு வேலையாகக் கோபுரத்துக்குப் போயிருந்தேன். உச்சி அறையில் அக்கா பார்வையாளர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். கைதி ஓவியன், இது உண்மை. கதவு திறந்து கிடந்தது, இதுவும் உண்மை. மற்றதெல்லாம் என் தம்பி மனைவியின் கற்பனை, யாரும் நம்ப வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னாள். நான் பெருமையாக நின்றிருந்தேன். அப்போது முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம், அன்றைக்குக் காற்றில் விளக்கு அணைந்ததாமே என்று மெல்லச் சொன்னார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். வருஷங்களையும் அளவுகளையும் சொல்லும்போது வைத்துக்கொள்ளும் அதே முகம்.

“காத்து இல்லீங்க. இந்த ரூம்ல ஜன்னலே கிடையாது” என்றாள். “அவனே ஊதி அணைச்சான்.”