மூன்று வீட்டு வைஃபை

ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள் ஹாலில் பிளக் பாயின்ட்டைத் தேடினார். டிவிக்குப் பக்கத்தில் ஒன்று கண்ணில் பட்டது. அதில் இருந்ததைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் ஒயரைச் சொருகினார். சித்ராதேவியின் மடியில் லேப்டாப்புக்குள் அழுதுகொண்டிருந்த சித்தார்த்தின் முகம், திறந்த வாயோடு அப்படியே நின்றுபோயிற்று.

"அண்ணே, அது மோடம்! அதைப் பிடுங்காதீங்க!"

"பெட்டி ஓட வேணாமாம்மா?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

மாமியார் மீனாம்பாள் விடியற்காலைத் தூக்கத்திலேயே போய்விட்டார். இளைய மகன் சித்தார்த் இருப்பது கனடாவில். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளையவன்தான். ஆனால் விசாவுக்குக் கொடுத்த பாஸ்போர்ட் ஏதோ ஓர் ஆபீஸில் கிடந்தது, அவனால் கிளம்ப முடியவில்லை. அண்ணன் கணேஷ்குமார்தான் எல்லாம் செய்யப்போகிறான். "எடுக்கிற வரைக்கும் அம்மா முகத்தையாவது காட்டுங்க அண்ணி" என்று கேட்டிருந்தான் கொழுந்தன். கணேஷ்குமாரின் மனைவி சித்ராவுக்கு அன்று அதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

பக்கத்து வீட்டு ரோசரி டீச்சர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. படம் வந்தது, ஆனால் விக்கி விக்கி வந்தது. சித்தார்த் பேசியதில் பாதிதான் கேட்டது.

காரணம் சித்ராவுக்குத் தெரியும். எடமலைப்பட்டி புதூரில் அந்தத் தெருவுக்கு மொபைல் சிக்னல் என்றால் மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும். அதனால் மீனாம்பாள் தன் வீட்டு நெட்டிலிருந்து மதில் மேலாகக் கேபிள் இழுத்து ரோசரிக்கும், அடுத்து தெருமுனையில் இருக்கும் ஹபீபுல்லாவுக்கும் கொடுத்திருந்தார். மூன்று வீட்டு வைஃபை பெட்டிக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. மகனோடு பேசிக்கொண்டே மூன்று வீட்டுக்கும் போய்வர அதுதான் தோது என்பார். ரோசரி கம்ப்யூட்டரில் டியூஷன் எடுத்தாள். ஹபீபுல்லா ரயில் டிக்கெட் போட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் பாஸ்வேர்டு கொடுத்துவிடுவார் மீனாம்பாள்.

வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் சித்ராவுக்கு இதில்தான் சண்டை. மீட்டிங்கில் குரல் அறுந்தால் கத்துவாள்.

"இறைக்கிற கிணறுதான் சித்ரா ஊறும்" என்பார் மாமியார்.

"கிணறு ஊறும் அத்தை, வைஃபை ஊறாது" என்பாள் இவள். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிடும். பாஸ்வேர்டு மட்டும் மாறாது.

இன்று மாற்றிவிடலாம், தடுக்க ஆள் இல்லை. துக்கத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் மாடிப்படியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாற்றினால் அத்தனை போனும் ஒரே அடியில் கழன்றுவிடும், படம் தெளிந்துவிடும். அதற்கான பக்கத்தைத் திறந்தும் விட்டாள். நிமிர்ந்தபோது ஐஸ் பெட்டியின் கண்ணாடிக்குள் அத்தை தெரிந்தார். வீட்டில் அத்தை கிடக்கும்போதே அத்தை கொடுத்ததைப் பிடுங்க அவளுக்கு மனசு வரவில்லை. லேப்டாப்பைத் தரையில் வைத்துவிட்டு அழுதாள்.

"என்னாச்சு சித்ரா?" என்றாள் ரோசரி.

"தம்பிக்கு முகமே தெரிய மாட்டேங்குது டீச்சர்."

ரோசரி எழுந்து தன் வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வந்தாள். வாசலில் பந்தலுக்கடியில் நின்றிருந்த ஹபீபுல்லாவிடம் ஏதோ சொன்னாள். அவர் போய்விட்டுத் திரும்பினார்.

"தட்கல் நேரமாச்சே பாய்?" என்றாள் சித்ரா.

"கேபிளையே கழட்டிட்டேம்மா. இன்னிக்கு ஒரு நாள் சனங்க ஊருக்குப் போகலைன்னா ஒண்ணும் ஆயிடாது."

ரோசரி மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். "எல்லாரும் வைஃபைய ஆஃப் பண்ணுங்க. அந்த அண்ணன் அவங்கம்மாவப் பாக்கணும்." டியூஷன் குரல். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆஃப் பண்ணினார்கள்.

படம் தெளிந்தது. சித்தார்த் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணி, அம்மா கம்மல் எங்க?"

"கழட்டிட்டோம்பா."

"ம்."

குளிப்பாட்டிக் கிடத்தியதும் பெண்கள் வாய்க்கரிசி போட வரிசையாக வந்தார்கள். சித்ராவின் முறை வந்தபோது லேப்டாப்பிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி, எனக்கும் சேத்து நீங்களே போட்டுடுங்க."

ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த மீனாம்பாளின் அக்கா சந்திரம்மாள் சட்டென்று தடுத்தார். "ஒரே கையால ரெண்டு தரம் போடக் கூடாதும்மா."

"ஒரு தரம்தான் போடப்போறேன் பெரியம்மா. அது தம்பியோடது."

"அப்ப உன்னுது?"

சித்ரா அரிசிக்குக் கை நீட்டினாள். சந்திரம்மாள் அவளைப் பார்த்தார். பிறகு அரிசித் தட்டைத் தானே எடுத்து நீட்டினார்.

பாடையைத் தூக்கினார்கள். கணேஷ்குமார் தீச்சட்டியோடு முன்னால் நடந்தான். சித்ரா லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு பின்னால் போனாள். ரோசரி வீட்டைத் தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. "அண்ணி... அண்ணி..." என்ற குரலும் நின்றது.

"பாய்! கேபிள்!" என்று சித்ரா அலறினாள்.

ஹபீபுல்லா கூட்டத்தை விலக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் ஓடினார். பாடை முனையை நெருங்குவதற்குள் சித்தார்த் வந்துவிட்டான்.

தெருமுனையில் பெண்கள் நின்றார்கள். சித்ராவும் நின்றாள்.

"ஏன் அண்ணி நின்னுட்டீங்க?"

"பொம்பளைங்க இதுக்கு மேல போறதில்லப்பா. அங்க போய் அண்ணன் போன்ல காட்டறேன்னு சொன்னாரு."

"வேணாம் அண்ணி. நானும் இங்கயே நின்னுக்கறேன்."

பாடை மதுரை ரோட்டில் திரும்பி மறைந்தது. பறைச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு பஸ் சத்தம்தான் கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராக வீட்டைக் கழுவத் திரும்பினார்கள்.

"வா சித்ரா" என்றாள் ரோசரி.

"நீங்க போங்க டீச்சர். தம்பி இன்னும் பாத்துக்கிட்டிருக்கான்."

வெள்ளாடு ஒன்று தெருவில் உதிர்ந்த பூக்களை மேய்ந்துகொண்டு வந்தது. சித்ரா அதை விரட்டவில்லை. லேப்டாப்பை அசையாமல் ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தாள்.