நாகசுப்பிரமணியன் வீட்டு பேஸ்மென்ட்

மானுட வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க செய்தி ஒன்றைச் சகலருக்கும் இதனால் அறிவிக்கிறோம்: 1974 மார்ச் மாதம், ஒரு ஞாயிறு பிற்பகல், மாண்ட்ரியல் தமிழ் அன்பர் மன்றம் மனிதநேயத்தைக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த இடம், மன்றத் தலைவர் பேராசிரியர் நாகசுப்பிரமணியனின் புவாண்ட்-கிளேர் வீட்டு ஹால்.

சிறப்பு விருந்தினர் மிஸஸ் எஸ்தர் போலாக், ஹாலந்து யூதர். நாஜிகள் ஊரைப் பிடித்திருந்தபோது ஒரு குடியானவக் குடும்பம் மாட்டுக்கொட்டிலுக்கு மேலே பொய்ச்சுவர் எழுப்பி, அவரையும் பெற்றோரையும் இரண்டு வருஷம் நாலு மாதம் ஒளித்து வைத்திருந்தது. பிடிபட்டிருந்தால் இரண்டு குடும்பமும் ஒழிந்திருக்கும். இதைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிஷம் கொடுத்தோம். தலைமையுரைக்கு ஐம்பது.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று தலைவரின் மனைவி அம்புஜம் மாமி ஆங்கிலத்தில் கேட்டார். டர்னிப், கடைசிக் குளிர்காலத்தில் டூலிப் கிழங்கு என்றார் அவர்.

"பாவம்," என்று மாமி எங்கள் பக்கம் திரும்பினார். "ஆனா சுத்த வெஜிடேரியன்."

தலைவர் பொன்னாடை போர்த்தினார். "அந்தக் குடியானவர் இடத்தில் நாம் இருந்திருந்தால், நாமும் கதவைத் திறந்திருப்போம்!"

பலத்த கைதட்டல். காலிங்பெல் அடித்தது.

வாசலில் சரளா. மன்றப் பொருளாளர் டாக்டர் ஜெயசங்கர் சென்னையிலிருந்து சமையலுக்குக் கூட்டிவந்தவள். அவள் பாஸ்போர்ட் இரண்டு வருஷமாக டாக்டரின் பீரோவில். முன்கையில் புதிதாக ஒரு சூடு. எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அவள் சுட்ட முறுக்கை எல்லோரும் தின்றிருக்கிறோம். டாக்டர் அன்று ஆஸ்பத்திரி டியூட்டி. பனியில் ரப்பர் செருப்போடு, ஒரு துணிப்பையோடு ஓடிவந்திருந்தாள்.

"சார், ஒரு வாரம் போதும். வக்கீலம்மா ஒருத்தங்க பாஸ்போர்ட்டை வாங்கித் தரேன்னிருக்காங்க. அதுவரைக்கும் கீழே பேஸ்மென்ட்ல ஒரு மூலையில படுத்துக்கறேன். திரும்ப அங்க மட்டும் அனுப்பிடாதீங்க."

"அதெப்படிம்மா? ஜெயசங்கர் நம்ம பொருளாளராச்சே. நாளைக்கு அவன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"கீழே கொலு வேற இருக்கு," என்றார் மாமி. "ஒம்பது படி. அத்தனை பொம்மை. இதுல ஆள் படுக்க இடமேது?"

"இரு, அவனையே வந்து அழைச்சுண்டு போகச் சொல்றேன்," என்று தலைவர் டயலைச் சுழற்றினார். நாங்கள் பத்தொன்பது பேர், படித்தவர்கள், கூரையைப் பார்த்தோம்.

மிஸஸ் போலாக்குக்குத் தமிழ் தெரியாது. செருப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார், சுழலும் டயலைப் பார்த்தார். எழுந்து வந்து போனை அமுக்கி வைத்தார்.

"என் வீட்டில் ஒரு சோபா இருக்கிறது, புரொஃபசர். சுவர் எதுவும் கட்ட வேண்டியதில்லை."

தன் கோட்டைச் சரளாவுக்கு மாட்டிக் காருக்கு அழைத்துப் போனார். பொன்னாடை நாற்காலியிலேயே கிடந்தது.

நன்றியுரை குறித்த நேரத்தில் தொடங்கியது. பிறகு பேஸ்மென்ட்டில் பந்தி. அத்தனை பேரும் தாராளமாகக் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டோம்.

நவராத்திரிக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.