ஓட்டை போட்ட பால் டின்

மலாயாவில் அலோர் காஜாவுக்குப் பக்கத்தில் இருந்த அந்த ரப்பர் தோட்டத்தில் பால் டின் வாங்கினால், கடைக்காரன் முதலில் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் கையில் கொடுப்பான். ஓட்டை விழுந்த டின்னில் பால் சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குக் கடத்த முடியாது என்பது சர்க்காரின் கணக்கு. பெரிய மூளைதான். கெடுவதற்குள் அதை யார் குடித்துத் தீர்ப்பது என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை.

குடித்துத் தீர்த்தது ஆயாக் கொட்டகைப் பிள்ளைகள். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்ததும் லயத்து வீடுகளில் இருந்த ஆட்களை எல்லாம் முள்கம்பி வேலிக்குள் அடைத்தார்கள். கொட்டகை மட்டும் பழையபடி ஆபீஸ் பக்கத்தில், வேலிக்கு வெளியே நின்றுவிட்டது. மரம் சீவப் போகிற அம்மாக்கள் விடியலில் பிள்ளையைக் கொட்டகையில் விடத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்ட வேண்டும். கேட்டில் சோதனை. ஒரு பருக்கை சோறு வெளியே போகக் கூடாது. ஆகவே பகல் முழுக்கப் பிள்ளைகளுக்குத் தோட்டத்து ஆபீஸ் கொடுக்கும் ஓட்டை டின் இனிப்புப் பால்தான் சாப்பாடு. ஆயா சுப்பம்மா கெட்டவள் இல்லை. அத்தனை பிள்ளைகளுக்கும் அவள் ஒருத்திதான். அழுகிற பிள்ளை வாயில் துணியைச் சுருட்டிப் பாலில் தோய்த்துச் செருகுவாள், அது சப்பிக்கொண்டே தூங்கிவிடும். டின்னில் மிச்சம் வைத்தால் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

முனியம்மாவின் மகள் கோமளாவுக்கு நாலு வயது. வாயெல்லாம் சிரிப்பாகத் திரிந்த பிள்ளை. முன்பற்கள் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கரிக்கட்டையாகிவிட்டன. சோற்றைக் கடிக்க மாட்டாமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அழுதாள்.

முனியம்மா அவளைத் தோட்டத்து மருந்துக் கொட்டகையைப் பார்க்கும் டிரசர் கனகரட்ணத்திடம் தூக்கிப் போனாள். யாழ்ப்பாணத்து மனுஷர், படித்தவர், சட்டையில் மடிப்புக் கலையாதவர். எட்ட நின்றே பார்த்துவிட்டு, பால் பல்தானே, விழுந்து முளைக்கும் என்றார்.

முனியம்மா நகரவில்லை. அவள் வாயிலேயே இரண்டு கடைவாய்ப் பல் கிடையாது. கோமளா வயிற்றில் இருந்தபோது ஈறு வீங்கி வந்தவளிடம், பிள்ளை பெற்றால் பல் போகத்தான் செய்யும் என்று சொல்லிப் பிடுங்கிப் போட்டவரும் இதே டிரசர்தான். அவள் மாமனார் மருதமுத்து பொக்கை வாயோடு கஞ்சி குடிப்பதற்கு, வயசாகிவிட்டது என்று ஒரே பதில். பிள்ளைக்கு விழப்போகிற பல், பிள்ளைத்தாய்ச்சிக்குப் போகிற பல், கிழவனுக்குப் போன பல். அப்படியானால் கூலிக்காரன் வாயில் பல் இருக்க வேண்டிய வயசுதான் எது? இதைக் கேட்க நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டாள். அவள் போகாமல் நிற்பதைப் பார்த்து, பால் குடித்த ஒவ்வொரு தடவையும் உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வை என்று சொல்லி அனுப்பினார்.

பிள்ளை பால் குடிப்பது கொட்டகையில், உப்பு இருப்பது வேலிக்குள். டிரசருக்கு இது தோன்றவில்லை. ஊரில் ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பார்கள். ரப்பர் காட்டில் ஆல் ஏது, வேல் ஏது? அடுப்புக் கரியும் உப்பும்தான். மறுநாள் கோமளாவின் மேலுதடு மூக்கு வரை வீங்கி, உடம்பு கொதித்தது. முனியம்மா ஒரு சிட்டிகை உப்பைத் துணியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள்.

சோதனை போடுகிறவளின் கை நேராக அந்த முடிச்சில் போய் நின்றது. அவள் கூப்பிட்டதும் காவலுக்கு நின்ற போலீஸ் மாத்தாக்காரர்கள் ஓடி வந்தார்கள். உப்பு உணவுப் பொருள், யாருக்குக் கடத்துகிறாய் என்று சார்ஜன்ட் கேட்டான். முனியம்மாவைத் தனியாக நிறுத்தினார்கள். லோரி வந்ததும் ஸ்டேஷனுக்கு ஏற்றுவார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த லோரியில் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது. கோமளாவுக்கோ கண் திறக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து டிரசர் சைக்கிளில் வந்தார். முனியம்மாவுக்கு உயிர் வந்தது. இவர்தான் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார், இவரையே கேளுங்கள் என்றாள். கனகரட்ணம் சார்ஜன்டைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார்.

"வீட்டில கொப்பளிக்கத்தான் சொன்னனான். வெளியில கொண்டு போகச் சொல்லேல்லை."

அவ்வளவுதான். முனியம்மா இத்தனை வருஷம் விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது. மகளின் வீங்கிய உதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பிடித்தாள். ஈறிலிருந்து சீழ் வடிந்தது.

"நல்லா பாருங்கய்யா. காட்டுக்காரன் குடிக்கக் கூடாதுன்னு டின்னுல ஓட்டை போட்டீங்க. கெட்டுப் போயிடும்னு எம்புள்ள வாயில ஊத்தித் தீத்தீங்க. வீட்டுச் சோத்தையும் தாண்ட விடல. இப்ப ஓட்டை எம்புள்ள பல்லுல. இந்த உப்ப எவனுக்குலா நான் கொண்டு போறேன்? இவதான் காட்டுக்காரின்னா இவளையே புடிச்சிக்கிட்டுப் போங்க."

சார்ஜன்டுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் பிள்ளையின் வாய் தெரிந்தது. கிட்ட வந்து குனிந்து பார்த்தவன், டிரசரிடம் மலாயில் சுள்ளென்று ஏதோ சொன்னான். டிரசர் தலை குனிந்தபடி ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். லோரி முனியம்மாவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகாமல் மலாக்கா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. உப்பைச் சாக்கடையில் கொட்டினார்கள். சட்டம் சட்டம்தானே.

ஆஸ்பத்திரியில் முன்பற்களைப் பிடுங்கினார்கள். சீழ் உள்ளே இறங்கியிருக்கிறது, அடியில் இருக்கும் புதுப் பல்லும் பழுதாகத்தான் வரலாம் என்றார் டாக்டர். விழுகிற பல்தானே என்று விட்டது யார் என்று முனியம்மாவையே திட்டினார்.

கோமளாவுக்குக் காய்ச்சல் விட்டு முனியம்மா வேலைக்குத் திரும்பிய அன்று, சோதனைக்காரி இடுப்புக்குக் கை நீட்டுமுன் அவள் பிள்ளையின் உதட்டைத் தூக்கிக் காட்டினாள். பின்னால் நின்ற காளியம்மாவும் தன் பிள்ளையின் உதட்டைத் தூக்கினாள். அதற்குப் பின்னால் நின்றவளும் தூக்கினாள். வரிசை முழுக்கக் கறுத்த வாய்கள். சோதனைக்காரி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அன்றைக்கே கொட்டகையில் ஒரு ஜாடி உப்பு வைக்க டிரசர் அனுமதி வாங்கினார். சுப்பம்மாவும் பால் துணியை விட்டுவிட்டாள். கடைக்காரன் மட்டும் ஓட்டை போடுவதை விடவில்லை.

கோமளா இப்போது சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்கிறாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.